ஐந்தரை அடிக் கட்டில்

“பத்தொன்பதாயிரத்து அறுநூறு. ஏழு மாச வாடகை. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா உன் மெஷின், தட்டுமுட்டு எல்லாம் தெருவுலதான் கிடக்கும்,” என்றார் வீட்டுக்காரர்.

வெல்டர் முகமூடியைத் தூக்கவில்லை. ஜீப்புக்குள் மண்டியிட்டபடி ஒரு கீலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பொறி அடங்கின பிறகுதான் வாயைத் திறந்தார்.

“சாயங்காலம் இன்னும் வரலையே சார்.”

“திமிரைப் பாரு.”

மாடியில் வீட்டுக்காரர் குடியிருப்பு. கீழே ஷெட்டும் பின்னறையும் வெல்டருக்கு. இதை விட்டால் அவருக்குத் தொழிலும் கிடையாது, தலை சாய்க்க இடமும் கிடையாது. அது தெரிந்துதான் வீட்டுக்காரர் தினமும் இறங்கி வந்து, தெருவே கேட்கிற மாதிரி கேட்பார்.

ஆனால் திட்ட வந்தவரை ஜீப் இழுத்துவிட்டது. பழசு, சின்னது. பின்னால் ஓர் இரும்புப் பெட்டியை இழுத்தால் அடுப்பு வந்தது. பக்கவாட்டில் இருபது லிட்டர் தண்ணீர் டேங்க். சேற்றில் மாட்டினால் இழுக்க முன்பக்கம் ஒரு வின்ச். கூரைமேல் சுருட்டி வைத்த தார்ப்பாய்.

“எதுக்குடா இவ்வளவும்?”

“ரோடு இல்லாத இடமாப் பார்த்துப் போய்த் தங்கறதுக்கு. காடு, மலை, ஆத்தோரம்னு.”

“யாரு பார்ட்டி?”

“வேலை முடியறவரைக்கும் பேர் சொல்லக் கூடாதுன்னு பேச்சு.”

வீட்டுக்காரர் வண்டிக்குள் இருந்த மடக்குக் கட்டிலை விரித்து ஜாண் போட்டுப் பார்த்தார். “ஒருத்தருக்குத்தான் போல. அதுவும் அஞ்சரை அடிதான் இருக்கு?”

“ஆளுக்கு அது தாராளம் சார்.”

வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். “எவனோ குள்ளன், பொண்டாட்டி நச்சரிப்பு தாங்காம கிளம்பறான். எனக்கு அந்தத் தைரியம் வரலையே. வந்தா கூப்பிடு, கையைப் பிடிச்சுக் குலுக்கணும்.”

“கூப்பிடறேன்.”

“கூலி வாங்கிட்டியா?”

“சாமானுக்கு மட்டும் வாங்கினேன்.”

“ஏமாளி. ஓடிப்போறவன் உனக்குக் கூலி கொடுப்பானா? வண்டி என்கிட்ட இருக்கட்டும், வாடகைக்கு ஈடா.” சாவிக்குக் கை நீட்டினார்.

வெல்டர் இறங்கிக் குறுக்கே நின்றார். “என் சாமானைத் தெருவுல போடுங்க. என்னையும் சேர்த்துப் போடுங்க. வண்டி மேல மட்டும் கை வைக்காதீங்க. நம்பி விட்டுட்டுப் போனவங்களோடது.”

“என்னடா, குரல் உசருது?”

“ஏழு மாசமாத் தாழ்ந்தே கிடந்துச்சு சார். இன்னிக்கு உசரட்டும்.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரரின் மனைவி தோளில் ஒரு பையோடு இறங்கி வந்தார். வெல்டரிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது.

“உங்க கூலியும் வாடகை பாக்கியும் சரியாப் போச்சு தம்பி,” என்றவர், கணவன் பக்கம் திரும்பினார். “இந்த வீடு எங்கப்பா என் பேர்ல எழுதினது. இனிமே வாடகையைத் தம்பிதான் வசூல் பண்ணி எனக்கு அனுப்புவாரு, நீங்க இருக்கற மாடிக்கும் சேர்த்து.”