ஈரத் துண்டு

எல்லையில் காணாமல்போன சிப்பாயின் துண்டு, ஏழு வருடமாகத் தினமும் காலையில், இரவில் யாரோ குளித்துத் துவட்டியதுபோல், கொடியில் ஈரமாகத் தொங்கியது. மனைவி அதைப் பிழிந்து காயப்போடுவாள்.

“நாளைக்கு கோர்ட்ல, வீட்டுக்காரர் வரலன்னு சொல்லுங்கக்கா. அப்பத்தான் இறந்ததா ஏத்துக்கிட்டு பென்ஷன் தருவாங்க. பொண்ணு படிப்பும் நிக்காது,” என்றார் வக்கீல்.

“அப்ப துண்டு?”

“ஐயோ, அதப்பத்தி வாயத் திறந்துடாதீங்க!”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. மாலையில் துண்டைத் தடவியபடி சொன்னாள்: “ஒரே ஒரு நாள் வராம இருங்க. உங்க பொண்ணுக்காக.”

காலையில் துண்டு காய்ந்திருந்தது.

“கணவர் வந்தாரா?” என்றார் நீதிபதி.

“வரலைங்க.”

திரும்பி வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தாள். கொடியில் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், மகள் ஊறவைத்துவிட்டுப் போன பள்ளிச் சீருடை, துவைத்து, சுருக்கமே இல்லாமல் காயப்போடப்பட்டிருந்தது.