கோடை டயர்

சனிக்கிழமை மதியம் ஜார்க்கோ வீடியோ கேமில் டயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். குவோப்பியோ நகர நண்பர்களோடு நடக்கும் டிரிஃப்ட் போட்டிக்கு, அதாவது காரை வழுக்கவிட்டு ஓட்டும் போட்டிக்கு, எந்த டயர் நன்றாக வழுக்கும் என்று தெரியவேண்டும். ஒரே கார், ஒரே வளைவு. டயரை மட்டும் மாற்றினான். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் திரையில் ஓட்டுநர் எடை 82 என்று வந்தது. அவன் பதிந்துவைத்த எடை அது. கோடை டயர் போட்டதும் 54 என்று வந்தது.

“பாதியா இளைச்சுட்டியேடா. பொண்டாட்டி போன ஏக்கமா?” ஆன்லைனில் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் பெக்கோ ஹெட்செட்டில் சிரித்தான்.

“கேம்ல ஏதோ கோளாறு. வாயை மூடிட்டு ஸ்கோரைப் பாரு.”

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று, பனியில் பிடிக்காத கோடை டயரை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே காரைக் கிளப்பி, மரத்தில் மோதியவன் அவன். செத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஹில்யா. ஜெயிலுக்குப் பயந்து, அவள்தான் ஓட்டினாள் என்று போலீசிடம் சொல்லியிருந்தான். அவள் எடை ஐம்பத்து நான்கு.

அடுத்த ஓட்டத்தில் ஜார்க்கோ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். அது தானாகத் திரும்பியது. கார் வளைவு முழுக்க வழுக்கிக்கொண்டே போய், ஓரக்கோட்டைத் தொடாமல் நின்றது. நண்பர்களில் யாருமே எடுத்திராத ஸ்கோர்.

“யப்பா, இப்ப ஓட்டினது யாருடா?” என்றான் பெக்கோ.

“நான்தான்” என்றான் ஜார்க்கோ.