அழைப்புக் கோப்பை

"தோத்துக்கிட்டே இருக்கிற டீமைத்தான் பாய் வருஷா வருஷம் கூப்பிடுறாரு. கேட்டா, அவரு கோப்பை, அவரு இஷ்டமாம்!"

கல்லூரிகளின் கால்பந்துக் குழுக் கூட்டத்தில் நந்தகோபால் எழுந்து நின்று பேசினார். வேலூர்க் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநர் அவர். அவருடைய அணிதான் அந்த ஆண்டு லீக்கில் முதலிடம்.

லீக் முடிந்ததும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் கம்பெனிகள் நான்கு, ஆளுக்கொரு கோப்பை வைத்து, தமக்கு வேண்டிய இரண்டு அணிகளை அழைத்து ஆடவைப்பது வழக்கம். அரையிறுதி கிடையாது, இறுதியாட்டமும் கிடையாது. நான்கு கோப்பைக்கு நான்கு சாம்பியன்கள்.

முதலிடம் வந்த நந்தகோபாலின் அணியை இம்முறை எவரும் அழைக்கவில்லை.

"எங்க பசங்க கேலரியில உக்காந்து கைதட்டணுமா? வெற்றியைக் களம் தீர்மானிக்கட்டும் ஐயா, முதலாளிங்க தீர்மானிக்க வேணாம். முதல் நாலு டீம் அரையிறுதி ஆடட்டும். ஒரே இறுதியாட்டம். ஒரே கோப்பை."

அரங்கம் கைதட்டியது. அவர் கேட்டது நியாயம். மூன்று கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. எஞ்சியவர், ஆம்பூரில் ஷூ கம்பெனி நடத்தும் ஜியாவுல்லா.

"நல்ல ஏற்பாடுதான் சார்," என்றார் ஜியாவுல்லா. "இறுதியாட்டச் செலவுல என் பங்கையும் கொடுத்துடறேன். என் கோப்பையை மட்டும் இப்படியே விட்டுடுங்க."

"கடைசியா வர்ற டீமுக்கு ஒரு கோப்பையா பாய்?"

"இருந்துட்டுப் போகட்டுமே. அதுல உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"நஷ்டம் ஆட்டத்துக்கு. லாபம் உங்களுக்கு." நந்தகோபால் அவையைப் பார்த்துத் திரும்பினார். "பாய் கோப்பைக்கு ஒரு நிபந்தனை இருக்குது, தெரியுமில்ல? அவர் கம்பெனி பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் இறங்கணும். எங்க பசங்களைக் கூப்பிட்டா, 'எங்களுக்கு எங்க பூட்ஸே போதும்'னு சொல்லிடுவாங்க. ஆலங்காயம் பக்கத்துப் பசங்க வாயைத் திறக்காம மாட்டிக்குவாங்க. கம்மிச் செலவுல ஜாஸ்தி விளம்பரம்!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. கிண்டலுக்கு விழும் கைத்தட்டல் கேள்விக்கு விழுவதில்லை.

குழுத் தலைவர் கோதண்டபாணி மேசையைத் தட்டினார். "பாய், இதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

ஜியாவுல்லா கடைசி வரிசையைப் பார்த்தார். லீக்கில் கடைசியாக வந்த அந்த ஆலங்காயம் பக்கத்துச் சிறு கல்லூரியின் அணித்தலைவன் சாமுவேல் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தோலுக்குச் சுண்ணாம்பு வைக்கணும் சார்," என்றார் ஜியாவுல்லா. "வைக்கலேன்னா முடி போகாது. ஆனா அதோட நிறுத்திட்டா, காய்ஞ்சு வெடிச்சுடும். எண்ணெயும் ஏத்தணும்."

"இது தோல் ஷாப் இல்ல பாய், ஃபுட்பால் கமிட்டி!" என்றது ஒரு குரல்.

மறுபடியும் சிரிப்பு. கைகள் உயர்ந்தன. அந்த ஆண்டிலிருந்தே நான்கு கோப்பைகளும் ஒழிந்தன.

அடுத்த ஆண்டு. புதிய முறையில் லீக்கின் முதல் ஆட்டம். மைதான வாசலில் பெரிய பேனர்: 'வெற்றியைக் களம் தீர்மானிக்கட்டும்!'

நந்தகோபாலின் அணியை எதிர்த்துச் சாமுவேலின் அணி.

நடுவர் வரிசையாகக் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார். "இன்னாப்பா, ஆறு பேர்தான் நிக்கிறீங்க? மத்தவங்க?"

மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே வெறுங்காலுடன் நின்றார்கள். பூட்ஸ் இல்லாதவர் களம் இறங்கக் கூடாது. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே இல்லை. நடுவர் விசில் ஊதி, நந்தகோபாலின் அணி வென்றதாக அறிவித்தார். பந்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"சார், ஜெயிச்சுட்டோமா?" என்று கேட்டான் நந்தகோபாலின் அணித்தலைவன் விஷ்ணு.

நந்தகோபால் சாமுவேலிடம் விரைந்தார்.

"விளையாட வர்றவன் பூட்ஸ் இல்லாம வருவானா? போன லீக்குல எல்லாரும் போட்டிருந்தீங்களே!"

"அது அதுக்கு முந்தின வருஷம் பாய் கோப்பையில போட்டது சார். ஆட்டம் முடிஞ்சா திருப்பி வாங்க மாட்டாரு. அதை வச்சுத்தான் அடுத்த லீக்கை ஓட்டுவோம். இந்த ஆறு ஜோடிதான் கிழியாம மிஞ்சுச்சு."

"அவர்கிட்டயே கேக்கிறதுதானே?"

"கேக்காமலே அனுப்பினாரு சார். நாங்கதான் திருப்பி அனுப்பிட்டோம். கூப்பிட்டு ஆடவச்சுக் கொடுத்தா வாங்கிக்கலாம். சும்மா எப்படி சார் வாங்குறது?"

நந்தகோபாலின் குரல் இறங்கியது. "அன்னைக்குக் கூட்டத்துல அவராவது சொல்லியிருக்கலாமேப்பா."

"அத்தனை பேர் முன்னால, இவங்களுக்குப் பூட்ஸ் வாங்க வக்கில்லேன்னு அவரு சொல்லுவாரா சார்?"

சாமுவேல் குனிந்து, பூட்ஸைக் கழற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்தான்.

"அந்தக் கோப்பையை நாங்க ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல சார். ஆனா ஒரு தடவைகூட வெறுங்காலோட வீட்டுக்குப் போனதில்ல."