பரோட்டாவுக்கும் கீழே

ஊழியர்களின் தலைக்குள் இருக்கும் சில்லு, மனம் எங்கே மேய்கிறது என்று நொடிக்கொரு முறை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அறிக்கை ஆபீசுக்கும் போகும், வீட்டுக்கும் வரும். அந்தச் சில்லின் அடிப்படை மென்பொருளில், எட்டிப் பார்க்கும் நிரலை எழுதிய புண்ணியவான் நம் மாசிலாமணிதான்.

"வேலை நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு, பரோட்டா ஒன்பது, நான் சைபர்!" என்று வாசித்த மனைவி தேன்மொழி, பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள். "பரோட்டாவுக்கும் கீழயா நான்?"

"ஐயோ, உன்னை நினைக்கிறதைக் கணக்குல சேர்க்காதேன்னு நான்தான் நிரல்ல ஒரு வரி எழுதிவச்சேன். ஆபீஸ்ல பாத்தா வேலை போயிடும்டி."

"நல்லா சொல்றீங்க சாக்கு."

மாசிலாமணி அவள் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்தான். பெட்டி ஒரு மாதம் வாசலோரம் காத்திருந்தது. அடுத்த அறிக்கையோடு பணிநீக்கக் கடிதமும் வந்தது. தேன்மொழி: அறுபத்திரண்டு.

அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல பாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு?"

"அதைப் பிரிச்சு எண்ணுற நிரல் இன்னும் வரலை."

கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் பெருமையாக ஒட்டினாள் தேன்மொழி.

"பெட்டியைப் பரண்ல ஏத்துங்க. இன்னைக்குப் பரோட்டா நான் போடறேன்."