மெழுகு முகம்

"புருஷன் பாடை தெருவுல போகுது. இவ வீட்டுக்குள்ள படுத்துக் கிடக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம்டி."

மீன்காரி சொன்னது பாடையோட நடந்துட்டிருந்த அடிமை ஹிலாரஸுக்கு நல்லாவே கேட்டுச்சு.

அவனுக்கும் எசமானோட சம்சாரம் விபியா அம்மா மேல கோவம்தான். நீதிபதியா இருந்த காவியஸ் எசமான், இவனை விடுதலை பண்றேன்னு அம்மா முன்னாடிதான் வாக்குக் குடுத்தார். அடுத்த வாரமே கண்ணை மூடிட்டார். எழுத்துல இருக்கான்னு கேட்டான் மகன் டெசிமஸ். நாளைக்கு இவனைச் சுரங்கத்துக்கு விக்கப் போறான். அம்மா வாயே திறக்கலை.

பாடைக்கு முன்னாடி எசமானே நடந்து போனார்!

அதாவது, அவர் முகத்தை அச்செடுத்த மெழுகு முகமூடியும், கரை வச்ச அங்கியும் மாட்டின கூத்துக்காரன். எப்பவும் பிலோதான் இதுக்கு வருவான். ரோம்ல பெரிய மனுஷன் சாவுன்னா இது வழக்கம்தான். ஆனா இன்னைக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. அதே இடது கால் இழுப்பு. அதே தோள் குலுக்கல்.

ஊர் மன்றத்துல தாத்தா, கொள்ளுத்தாத்தா முகமூடி போட்ட கூத்துக்காரங்க எல்லாம் யானைத்தந்த நாற்காலில வரிசையா உக்காந்தாங்க. எசமான் மட்டும் உக்காரலை. நேரா மகன்கிட்ட வந்து நின்னார்.

தொண்டை கெட்டு, கடைசி வருஷம் எசமான் பேசினா வெறும் காத்துதான் வரும். அதே காத்து அந்த மெழுகு வாய்க்குள்ளேருந்து வந்துச்சு.

"டெசிமஸ். ஹிலாரஸுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்ப்பா. அதை விட்டுட்டுப் போக முடியலை."

டெசிமஸ் பயந்து ரெண்டடி பின்வாங்கினான். அங்கேயே நகர நீதிபதியைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தான். அவர் கோலால ஹிலாரஸ் தலையைத் தொட்டார். அவ்வளவுதான், விடுதலை.

எரிச்சு முடிச்சு வீட்டுக்கு வந்தா, வாசல்ல பிலோ அத்திப்பழம் தின்னுட்டிருக்கான். அச்சு அசலா எசமானாவே நின்னியேன்னு ஹிலாரஸ் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"நானா? எனக்கு வேலை இல்லைன்னு அம்மா நேத்தே சொல்லிட்டாங்களேப்பா. சாவுச் சோறாவது கிடைக்குமான்னு இப்பதான் வந்தேன்."

ஹிலாரஸ் அவன் கையை விட்டான். உள்ளே ஓடினான்.

விபியா அம்மா கன்னத்துல ஒட்டின மெழுகைச் சுரண்டிட்டிருந்தாங்க. கண்ணு ரெண்டும் வீங்கிச் சிவந்திருந்துச்சு.

"நான் அழலைன்னு ஊரே பேசுச்சாமேடா," ன்னாங்க. "முகமூடிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?"