தாடையில் இறங்கிய ஆத்தா

“ஆத்தா கை வச்ச எடத்துல மிஷினு இன்னாடா பண்ணும்?”

கள்ளக்குறிச்சி பல் மருத்துவமனையில், வீங்கிய கன்னத்தோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா கந்தசாமி.

கச்சிராயபாளையத்திலிருந்து அவரை வண்டியில் ஏற்றி வந்தவன் பழனி. குற்றவாளியும் அவன்தான்.

தீமிதிக்குக் காப்புக் கட்டி ஒரு வாரம். கட்டியவர்கள் கறி, மீன் தொடக்கூடாது. எவனோ தொட்டுவிட்டான், அந்தக் கோபத்தில்தான் ஆத்தா தன் தாடையில் இறங்கிவிட்டாள் என்று கந்தசாமி ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். ‘எவனோ’ பொழுது விடிவதற்குள் ‘பழனி’ ஆகிவிட்டான். குழந்தை பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டவன், நாளை தீக்குழியில் இறங்கக்கூடாதாம்.

“பல்லுலதான் கோளாறுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா என்னை வுட்டுடணுங்க” என்று கெஞ்சித்தான் இழுத்து வந்திருந்தான்.

“எக்ஸ்ரேவுல ஒண்ணும் தெரியல பாத்தியா?” என்றார் கந்தசாமி.

“அது ஒரே பக்கத்துலேர்ந்து எடுக்கிற படம் ஐயா” என்றார் டாக்டர் எழில்மதி. “உள்பக்கம் இருக்கிறதப் பல்லே மறைச்சிடும். இந்த த்ரீடி ஸ்கேன்ல தாடைய எப்படி வேணாலும் திருப்பிப் பாக்கலாம்.”

திரையில் கந்தசாமியின் தாடை மெதுவாகச் சுற்றியது. அது இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பழனி பார்த்ததே இல்லை.

“பல்லுல ஒரு கோளாறும் இல்லீங்க.”

பழனி திரைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தான்.

“கேட்டுக்கினியாடா? படிச்ச பொண்ணே சொல்லிடுச்சி!” வலியை மறந்து சிரித்தார் கந்தசாமி. “ஆத்தாகிட்ட பொய் நிக்குமா?”

“இருங்க.” டாக்டர் படத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினார். “கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கம், ஈறுக்குள்ள வெள்ளையா ஒண்ணு நிக்குது. வாயத் தொறங்க.”

மரத்துப்போக ஓர் ஊசி. உள்ளே போன இடுக்கி எதையோ கவ்விக்கொண்டு வந்து தட்டில் போட்டது.

“கோழி எலும்புச் சில்லுங்க. வலி ஆரம்பிச்சதே முந்தாநேத்துதானே? அன்னைக்கு மாட்டினதுதான்.”

கந்தசாமியின் காப்புக் கட்டிய கை மெல்ல வேட்டி மடிப்புக்குள் போனது.

“பழனி…” மரத்த வாய் குழறியது. “நாளைக்கு நீ தாராளமா தீ மிதிச்சிக்கப்பா. மொத ஆளா நீயே எறங்கு.”

“அது மொறையில்லீங்க” என்றான் பழனி, ரொம்பப் பணிவாக. “தர்மகர்த்தாதான மொதல்ல எறங்கணும்? நீங்க எறங்குங்க. நான் பின்னாலயே பாத்துக்கினு வரேன்.”