இரண்டாவது பூட்டு

சூடம் கொளுத்தியாகிவிட்டது. பம்ப்பை முடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஜெலாப்பாங்கில் இருக்கும் அந்தக் கையுறைத் தொழிற்சாலையில், ஆயுத பூசையன்று எந்த இயந்திரமும் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நிற்கக்கூடாது. சூடம் அணைவதற்குள் ஒருமுறையாவது ஓடிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வருடம் முழுக்க மக்கர் பண்ணுமாம். சூப்பர்வைசர் சதாசிவம் தொடங்கி வைத்த பழக்கம் அது.

இரண்டாம் எண் பம்ப் தரைக்குக் கீழே, ஆள் உயரக் குழிக்குள் இருந்தது. கழிவுநீரை இழுத்து வெளியே தள்ளுகிற பம்ப். சுவிட்சுப் பெட்டியோ மேலே, சுவரில். பெட்டிக்கு முன்னால் நிற்பவனுக்குக் குழிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது.

விக்னேஸ்வரன் பெட்டியை நோக்கி நடந்தான். காலையில் பம்ப்பைத் துடைக்க இறங்குமுன் தன் சிவப்புப் பூட்டை அதன் கைப்பிடியில் மாட்டியிருந்தான். பூட்டு தொங்கும்வரை கைப்பிடி அசையாது, பம்ப்புக்கு மின்சாரம் போகாது.

இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய பூட்டை மாட்ட வேண்டும். மேலே வந்ததும் அவரவர்தான் திறக்க வேண்டும். அதற்காகவே கைப்பிடியில் ஆறு துளை போட்ட இரும்புக் கவ்வி ஒன்று இருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் போன வருடம்வரை அதை யார் மதித்தார்கள்? ஒருவர் பூட்டை நம்பி மூன்று பேர் இறங்குவார்கள்.

போன வருடப் பூசைக்கு இதே பம்ப்பைத் துடைத்தவர்கள் விக்னேஸ்வரனும் ஐயாவுவும். சுழலும் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பதற்காக அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். பூட்டைத் திறந்து பொத்தானை அமுக்கியது விக்னேஸ்வரன்.

ஐயாவு உள்ளே இருந்தார்.

விசாரணை நடந்தது. ஐயாவு தன் பூட்டை மாட்டவில்லை, மேலே வந்தவர் யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் இறங்கியிருக்கிறார் என்று எழுதி முடித்தார்கள். செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்? அவர் இறங்கியது தனக்குத் தெரியாது என்று விக்னேஸ்வரனும் சொல்லியிருந்தான். அவன்மேல் தப்பில்லை என்று ஆனது.

அந்த ஒரு 'தெரியாது' இந்த ஒரு வருடமாக அவன் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. சோறு இறங்கியது. அது இறங்கவில்லை.

ஐயாவுவின் மனைவி மங்களத்துக்கு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் இந்தக் குழியைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். அவள் எதிரே வந்தால் விக்னேஸ்வரன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் அந்த மனுசன் பிழைத்திருப்பார் என்று கேண்டினில் பேசிக்கொள்வதெல்லாம் அவள் காதில் விழத்தான் செய்தது. அவள் பெருக்கிக்கொண்டே போய்விடுவாள்.

இன்று சூடத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"பூட்ட எடு லா விக்னே. செப்பாட். சூடம் அணையப் போவுது," என்று மலாயும் கலந்து அவசரப்படுத்தினார் சதாசிவம்.

விக்னேஸ்வரன் பெட்டியில் தொங்கிய செவ்வந்தி மாலையை விலக்கினான். தன் பூட்டைக் கழற்றிக் கைப்பிடியை இழுத்தான்.

அசையவில்லை.

மாலைக்கு அடியில், கவ்வியின் கடைசித் துளையில் இன்னொரு பூட்டு தொங்கியது. அதுவும் சிவப்புதான். வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்திருந்தது. யாரோ அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். குங்குமத்துக்குக் கீழே கோணல்மாணலான எழுத்தில், ஐயாவு.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டு கேட்டுல தொங்குனது தம்பி," என்றாள் மங்களம். "கேட்டுப் பூட்டு கெட்டுப் போச்சுன்னு அன்னைக்கு இதத்தான் மாட்டிட்டு வேலைக்கு வந்தாரு. இன்னைக்கு ஒருநாள் விக்னே பூட்டு இருக்குன்னாரு."

அவள் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எறங்குனவங்க மேல வந்தாத்தான் தொறக்கணுமாமே. அவரு வந்துட்டாரா தம்பி? பாத்துச் சொல்லு. சாவி எங்கிட்ட இருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் விக்னேஸ்வரனுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

சதாசிவம் தரையைப் பார்த்துக்கொண்டார்.

விக்னேஸ்வரன் குழியோரம் போய்க் குனிந்து பார்த்தான். பம்ப் பளபளவென்று இருந்தது. தண்டின் மூடியை இன்று காலை அவனே நான்கு திருகாணியும் போட்டு இறுக்கியிருந்தான்.

"வரலக்கா," என்றான்.

பிறகு, நிமிராமலே சொன்னான். "தண்டுக்குப் பொட்டு வைக்க மறந்துட்டேன், வச்சிட்டு வாரேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எறங்குனாரு. நானும் சரின்னேன். சூடம் அணையுதேன்னு அவசரத்துல மறந்துட்டேன்."

தட்டில் சூடம் அணைந்துவிட்டது. மங்களம் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, பூட்டைத் திறந்து, குங்குமத்தைத் துடைக்காமல் அப்படியே தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பொத்தானை அமுக்க யாரும் கை நீட்டவில்லை.